முகக் கிரீமும் தொட்டில் சேலையும்

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கால் வீங்கியபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து வெட்டுகிறவர்களுக்குக் கால் வீங்குவது புதிதா என்ன. பிறகு முகமும் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார்கள். அவர் பூசிவந்த முகக் கிரீமில் பாதரசம் இருந்ததாம். அதே டப்பா என் வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னாலும் இருந்தது.

எனக்கு மங்கு. பிள்ளை பெற்ற பிறகு இரண்டு கன்னத்திலும் கறுப்பாகப் படர்ந்துவிட்டது. இந்த மலையில் குளிர் மட்டும்தான் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பனி விலகிய பிறகு அடிக்கும் வெயிலை அவர்கள் பார்த்ததில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் ஒருத்தி, "என்ன இப்படி கறுத்துட்ட?" என்று கேட்டுவிட்டாள். இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். ரோஷம் எனக்குக் கொஞ்சம் அதிகம். என் கணவரின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் அவள். அவள்தான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் அந்தக் கிரீமை வாங்கிவந்து கொடுத்தாள். மூடியில் குங்குமப்பூ படம் இருந்தது, யார் செய்தது என்று ஓர் எழுத்துகூட இல்லை. ஒரு மாதத்தில் முகம் வெளுத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

சுகாதாரத் துறையிலிருந்து வேனில் வந்தார்கள். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் எட்டு வீட்டில் அந்த டப்பா இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தலையணை, துண்டு, கண்ணாடி மேசை எல்லாவற்றின் மீதும் பாதரசத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை நீட்டினார்கள். என் தலையணை உறையில் அது கூவியது. உறையையும் துண்டையும் தடித்த பையில் போட்டுக் கட்டினார்கள். கூட வந்த நர்ஸ் மிஸி தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பிள்ள உங்க கூடத்தான் படுக்குதா அக்கா?"

"இல்ல மிஸி, தொட்டில்லதான். எட்டு மாசந்தான் ஆவுது."

"அப்ப நல்லதுலா. பக்கத்துல படுக்கிற பிள்ளைங்களுக்குத்தான் பயம்."

என்னிடம் மட்டும் சிறுநீர் வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளை தப்பித்தாள் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது போர்த்திப் படுத்திருந்த பழைய நூல் சேலையை எடுத்து, வழக்கம்போல் நாத்தனாரிடம் நீட்டினேன். அவள் அதை உத்தரத்தில் தொங்கிய ஸ்பிரிங் கொக்கியில் மாட்டித் தொட்டிலாக்கினாள். எங்கள் லைனில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான். ராத்திரித் தொட்டிலுக்கு வேறு துணி, ராத்திரி தாய் போர்த்திய சேலைதான் பகலில் தொட்டில். அம்மா வாசம் இருந்தால் பிள்ளை அழாமல் தூங்கும், நாமும் நிம்மதியாக மலையேறலாம். வாசம் போய்விடும் என்று அதை அடிக்கடி துவைப்பதும் இல்லை. துவைத்தாலும் இந்த மழையில் எங்கே காய்வது.

பிள்ளையை உள்ளே கிடத்தினாள். சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு பிள்ளையின் மூக்கு மட்டும் துணிக்குள் புடைத்துத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரீம் பூசிய முகத்தோடு தினமும் இழுத்துப் போர்த்திய சேலை அது. நேற்று நான் வீட்டில் இருந்ததால் அதைத் தொட்டிலாகக் கட்டவில்லை, மடித்து அலமாரியில் இருந்து கருவிக்குத் தப்பிவிட்டது. நானும் சொல்லவில்லை. பெருமையாகத் தொட்டில் என்று சொன்ன வாய் இது.

பிள்ளையைப் பிடுங்கி எடுத்தேன். அவள் அலறினாள். நாத்தனாருக்கு விஷயம் புரிந்ததும் ஓடிப்போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள், சேலையை அவித்துவிடலாம் என்று. நான் மிஸிக்குப் போன் செய்தேன். சேலை விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அத தண்ணியில போடாதீங்க. சூடு பட்டா ஆவியா வரும், வீட்டுல எல்லாருக்கும் கெடுதி. பையில போட்டு இறுக்கி கட்டி வெளிய வைங்க. கதவு சன்னல தொறந்து விடுங்க. பிள்ளய நல்லா சோப்பு போட்டு குளிப்பாட்டுங்க. நான் வரேன்."

"பால் குடுக்கலாமா மிஸி?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு கூப்புடுறேன்."

கூப்பிட ஒரு மணி நேரம் ஆனது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒரு மணி நேரம் இல்லை. பிள்ளை என் மார்பைத் தேடித் தேடி அழுதாள். பால் கசிந்து சட்டை நனைந்தது. நாத்தனார் கையில் அவளைக் கொடுத்துவிட்டு, எட்ட நின்று நானும் அழுதேன். கொடுக்கலாம் என்று போன் வந்தபோது அவள் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

மிஸி வந்து சேலையை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் சிறுநீரையும் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு புதுத் துணியில் தொட்டில் கட்டினோம். பிள்ளை அதில் தூங்கவே இல்லை. கையை நீட்டி என்னைக் கேட்பாள். எத்தனை முறை கழுவியிருந்தாலும் என் முகத்தை அவள் பக்கம் கொண்டுபோக எனக்குப் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினேன். என் கணவர் எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சோதனை முடிவைச் சொல்ல மிஸி நேரில் வந்தாள். ஒன்றுமில்லை என்றால் போனிலேயே சொல்லியிருப்பாளே. வேனிலிருந்து அவள் இறங்கியபோதே நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

"உங்களுக்கு கூடுதலாத்தான் இருக்கு அக்கா," என்றாள்.

"எனக்கு கெடக்கட்டும். பிள்ளைக்கி?"

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிள்ளைக்கி உங்கள விட அதிகம்."

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளையை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அளவு மெல்ல இறங்கியது. ஒரு வருடம் ஆனபோது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மிஸி மட்டும், கை நடுக்கம் இருக்கிறதா, பேச்சு தாமதமாகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. நன்றாகப் பேசுகிறாள், என்னைப் போலவே வாய். போன வாரம் பென்சிலைப் பிடித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா எப்ப பாத்தாலும் என் கையவே பாக்குற?"

"ஒண்ணுமில்ல. எழுது," என்றேன்.

அவள் எழுதத் தொடங்கினாள். நான் மறுபடியும் அவள் கையைத்தான் பார்த்தேன்.