பேச முடியாத டீச்சரின் வகுப்பு

போன வாரம் அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் என் தோழி மலர்விழி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அவள் குரலைக் கேட்டே பல வாரம் ஆகியிருந்தது. கொஞ்சம் கரகரப்பு… ஆனால் அவள் குரல்தான்!

மலர் இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு பிசிக்ஸ் டீச்சர். வருஷக்கணக்காக வகுப்பில் கத்திக் கத்தி, குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் போட்ட கண்டிஷன்தான் இடித்தது — அவர் சொல்லும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுக்கக்கூடக் கூடாது!

அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. லீவு போட்டால் பிசிக்ஸ் எடுக்க வேறு ஆள் இல்லை. என்ன செய்வாள்? கொஞ்சம் தேறியதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் டைப் அடிப்பது ஸ்மார்ட் போர்டில் தெரியும், பிள்ளைகள் படித்துக்கொள்ளட்டும்.

முதல் நாளே சொதப்பல். ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் வகுப்பு சந்தைக்கடை. ‘அமைதி’ என்று பெரிய எழுத்தில் அடித்தாள். எல்லோரும் கோரஸாக ‘அமைதி’ என்று வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அழுதிருக்கிறாள் — அதுவும் சத்தம் வராமல்.

பின்னாலேயே வந்தாள் ஷாஹினா. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி.

“மிஸ், நீங்க அடிச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க சும்மா உக்காந்துகினு இருக்கோம். அதான் பேச்சு வந்துருது. வேலைய எங்ககிட்ட குடுத்துடுங்க மிஸ். நாங்க வீட்ல எழுதறோம், நீங்க வீட்லருந்து பாருங்க. கிளாஸ்ல நாங்களே சொல்றோம்.”

அப்படித்தான் தொடங்கியது. அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகளாகச் சேர்த்துக் குழுக்கள். ஒரு குழுவுக்கு ஒரு போன் இருந்தால் போதும். ஒவ்வொரு குழுவுக்கும் பாடத்தில் ஒரு பகுதி. எல்லோரும் சேர்ந்து எழுதும்படி இணையத்தில் ஒரே ஃபைல். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி அங்கேயே திருத்தலாம். மலர் ஓரத்தில் கேள்வி போடுவாள்.

தேவி என்ற பெண்ணின் குழுவில் இருந்த ஒரே போன் அவள் அப்பாவுடையது. ஆவடியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. தர முடியாது என்றுவிட்டார். டீச்சரால் பேசி விளக்க முடியாதே? ‘நீ பேசுடி’ என்று எனக்கு மெசேஜ் வந்தது. பேசினேன்.

“இன்னா மேடம், போனக் குடுத்தா புள்ள படிக்கும்ன்றீங்க. ரீல்ஸ்தான் பாத்துகினு கீது.”

“ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாருங்க சார். படிக்கலைன்னா வாங்கி வெச்சுக்குங்க.”

“சரி… குந்திகினு பாக்கறேன்.”

பார்த்தார். அதற்குப் பிறகு, வேலை முடிந்து வந்ததும் போனை அவரே எடுத்து நீட்டினாராம்.

ஒரு நாள் வகுப்பில் பக்க இணைப்பு பற்றிச் சொல்ல தேவி எழுந்தாள். ஒரு மின்தடைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை இணைத்தால் மொத்தத் தடை கூடும் என்று அடித்துச் சொன்னாள். தப்பு! பழைய மலராக இருந்தால் பாதியிலேயே வெட்டியிருப்பாள். இப்போது கீபோர்டைத்தானே தட்ட வேண்டும்? ‘தவறு, ஏனென்றால்…’ என்று அடிக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் ஷாஹினா எழுந்துவிட்டாள். “ஏய், குறையும்டி.”

“எப்பிடிடி குறையும்? தடையத்தானே சேக்கறோம்?” என்றாள் தேவி.

“ஸ்டேஷன்ல ஒரே ஒரு டிக்கெட் கவுண்ட்டர் தொறந்திருந்தா க்யூ எப்படி நிக்கும்? பக்கத்துல இன்னொண்ணு தொறந்தா?”

தேவி யோசித்தாள். “சீக்கிரம் போகும்…” சட்டென்று முகம் மாறியது. “ஆமால்ல! கரன்ட் போறதுக்கு இன்னொரு வழி கெடைக்குது. அப்போ தடை குறையும்!”

வகுப்பே கைதட்டியது. மலர், தான் அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாளாம்.

“சந்தோஷமா இருந்துச்சா?” என்று பிளாட்பாரத்தில் கேட்டேன்.

“இருந்துச்சு. வலிக்கவும் செஞ்சுதுடி. இத்தனை வருஷமா நான் கத்தினது எதுக்கு? நான் இல்லாமலே நடக்குதே…”

“அந்த கவுண்ட்டர் உதாரணம் எங்கேருந்து வந்துச்சு?”

“ஃபைல்ல நான்தான் கேட்டிருந்தேன். நீங்க தினம் பாக்கறதுல இந்த மாதிரி ஏதாவது இருக்கான்னு.”

“அப்போ நீ இல்லாம எங்கடி நடந்துச்சு?”

மலரின் முகம் தெளிந்தது.

போனும் ஃபைலும் மாயம் செய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அரையாண்டில் மார்க் ஒன்றும் ஆகாயத்துக்கு ஏறிவிடவில்லை. தேவி பாஸ் — பிசிக்ஸில் முதல் தடவையாக. என்ன, தனக்குப் புரியாததை இன்னொருத்தியிடம் கேட்க இப்போது அவள் கூச்சப்படுவதில்லை. நாமெல்லாம் அந்தக் கூச்சத்தோடேயே படிப்பை முடித்தவர்கள்தானே?

டாக்டர் அனுமதி தந்து, மலர் முதன்முதலாகப் பேசப் போன நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“குட்மார்னிங் எல்லாம் ஆச்சு. ஒரு பொண்ணு ஏதோ விளக்கிட்டிருந்தா. நான் வாயத் திறந்தேன். ‘மிஸ், ஒரு நிமிஷம்… அவ முடிக்கட்டும்’னு பின் பெஞ்சுலேருந்து ஒரு குரல்!”

“நீ என்ன பண்ணே?”

“என்ன பண்றது? உக்காந்துட்டேன்.”

டீச்சரையே உட்கார வைத்த பிள்ளைகள்… பப்ளிக் எக்ஸாமுக்கா பயப்படப் போகிறார்கள்?