பூ கேட்ட வெள்ளிக்கிழமை

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. நானாகக் கேட்டு வாங்கிய பெயர் இல்லை. தலைமையாசிரியர் பெரம்பலூருக்கு அழைத்துப் போய் ஒரு பரீட்சை எழுத வைத்தார், தேறிவிட்டேன். திருச்சிப் பள்ளி ஒன்றில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பாம். விடுதியிலேயே தங்க வேண்டுமாம், செலவெல்லாம் அவர்களுடையதாம்.

அப்பா சம்மதிக்கவில்லை. "பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் தனியா வுட்டுட்டு வூட்ல நாங்க எப்புடிங்க சார் தூங்குறது?" என்றார். சாரும் விடாமல் வந்துகொண்டிருந்தார். அம்மா மட்டும் யார் பக்கமும் பேசவில்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கோ போகவே பிடிக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. கெட்டிக்காரியின் லட்சணம் அது.

கடைசியில் அப்பா, "ஆத்தாகிட்ட பூ கேட்டுடுவோம்" என்றார். கிணறு வெட்டுவதிலிருந்து கல்யாணம் வரை எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள், ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளை. அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் திருச்சி, வெள்ளை வந்தால் வீடு.

தை மாதத்து வெள்ளிக்கிழமை. விடியுமுன்பே அம்மா தனியாகப் போய்ப் பூப் பறித்து, பொட்டலங்களையும் தானே மடித்து வைத்திருந்தாள். கோயிலுக்குப் போகும் வழியில் மக்காச்சோளக் காட்டின் மேல் பனி இறங்கியிருந்தது. முன்னால் போகிறவர்கள் தெரியவில்லை, பேச்சு மட்டும் காதில் விழுந்தது. தூக்கத்திலேயே நடந்து போவது போலிருந்தது.

கண்ணை மூடி, வெள்ளை, வெள்ளை என்று வேண்டிக்கொண்டு எடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவே சொல்லிட்டா. போயிட்டு வரட்டும்" என்றவர், சாரிடம் சொல்ல வேகமாகக் கிளம்பினார். வெள்ளைப் பூவையாவது பார்க்கலாமென்று நான் அடுத்த பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். அம்மா அதை முந்திக்கொண்டு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும்போது நான் ஏரிக்கரையில் பின்தங்கிவிட்டேன். சற்று முன்னால் போன அம்மா, பனிக்குள் நான் நிற்பது தெரியாமல், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்த பொட்டலத்தைத் தண்ணீரில் எறிந்தாள். இலை பிரிந்து பூக்கள் மெல்ல மெல்ல மிதந்து வந்தன. அத்தனையும் சிவப்பு. வெண்பனிக்குள் அவை அசைந்து போவதைப் பார்த்தபடி நின்றேன். வெள்ளைப் பூவைக்கூடச் சிவப்பாக மாற்றி என்னை விரட்டும் அளவுக்கு அந்த அம்மனுக்கு என்மேல் என்ன கோபமோ? அழுகை பொங்கிவிட்டது.

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "ஆத்தாவும் போவச் சொல்றா, அப்பாவும் போவச் சொல்றாரு. நீ மட்டுந்தாம்மா சொல்லல" என்றேன்.

அம்மா என் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது. பனியில் குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்து நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.