முனகலுக்குப் பின்னால் ஒரு பியானோ

ஆம்ப்ரோஸ் டாலிவர் என்று ஒருவன் நியூயார்க்கின் ஹார்லெமில் பியானோ வாசித்தான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்த டாலிவர் நான்தான். பதிமூன்று இசைத்தட்டுகளில் வாசித்திருக்கிறேன். ஆனாலும் எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

நாங்கள் ஆறு பேர் கொண்ட சின்னக் குழு. கிளாரினெட், ட்ரம்பெட், சாக்ஸஃபோன் மூன்றும் முன்னால் நிற்கும். பாஸும் டிரம்ஸும் பின்னால். நான் எங்கே என்றால், முன்னால் நிற்கிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு தட்டு தட்டுவேன், அங்கே. இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும். ஆளுக்கு ஒரு சுற்று என்று முன்வரிசைக்காரர்கள் பகிர்ந்துகொண்டு பியானோவுக்கு வருவதற்குள் தட்டு தீர்ந்துவிடும். சர்ச் விருந்தில் கோழி கடைசி மேஜைக்கு வரும்போது கழுத்து மட்டும்தான் இருக்கும். நான் முதல் பதினொரு தட்டிலும் கழுத்து தின்றவன்.

பெட்டிஃபோர்டு பெரியவரின் முடிதிருத்தும் கடையில் கிராமஃபோன் உண்டு. புதுத் தட்டு வந்தால் முதலில் அங்கேதான் சுழலும். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே, "இதுல நான் வாசிச்சிருக்கேன்" என்பேன்.

"எங்கேப்பா?" என்று பெரியவர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி காதைக் கொடுப்பார்.

"இதோ வருது... இந்தா... ட்ரம்பெட்டுக்குப் பின்னாடி!"

"கீச்சு கீச்சுன்னு கேக்குதே, அதுவா? அது ஊசி தேயற சத்தம்னு நெனச்சேன்."

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கழுத்தில் கத்தி இருக்கும்போது கோபப்படக் கூடாது. கடையில் இருக்கிறவர்கள் கிண்டல் செய்தால் துடைத்துவிட்டுப் போய்விடலாம். இடெல்லா விஷயம் அப்படி இல்லை.

இடெல்லா என் மனைவி. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறாள். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் சுருதியில் அரை இழை நழுவினாலும் திரும்பிப் பார்க்காமலே பேரைச் சொல்லுவாள். நாங்கள் இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மாவின் பியானோ ஒன்று உண்டு. பதினேழு வருஷமாக, காலையில் அவள் தலை சீவும் நேரமெல்லாம் நான் அதில்தான் பயிற்சி செய்கிறேன். அப்படிப்பட்டவள், ஒரு மதியம் மீன் கடையில் காசு போட்டால் பாடும் பெட்டியில் எங்கள் தட்டு ஓடியபோது, "நல்லாருக்கே, யாரு வாசிக்கறது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"அப்படியா? அந்த உப்பை இப்படி நகத்து."

அன்றைக்கு முடிவு செய்தேன். பேரும் வேண்டாம், படமும் வேண்டாம். ஒரே ஒரு தட்டு. அதைக் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்காமலே, இடெல்லா 'இது நீதானே' என்று சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வயது ஆளின் வாழ்நாள் லட்சியம் இது.

1937 வசந்தத்தில் வாய்ப்பு வந்தது. எங்கள் தலைவர் வெண்டெல் ஸ்ப்ரூயில் கிளாரினெட்காரர், அடுத்தவனுக்கு நாலு தாளம் விட்டுக் கொடுப்பதற்கே முகம் சுளிப்பவர். அவரே என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு இரண்டாவது பாட்டுல அரை நிமிஷம் உனக்கு. நீ தனியா வாசி" என்றார். என் திறமையைக் கண்டு மனம் உருகியிருப்பார் என்றுதான் நினைத்தேன். ட்ரம்பெட்காரனுக்கு உதடு வீங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

பதிவுக்கூடத்தில் காலை பத்து மணிக்கு வேலை. ஊதுகிறவர்களுக்கு அது நடுராத்திரி மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பதிவாளர் ஒருவர். எங்களுக்குப் பெயர் உண்டு என்பது அவருக்குத் தெரியாது, ஆளை வாத்தியம் சொல்லித்தான் கூப்பிடுவார். கனமான மெழுகுத் தட்டில் ஊசி கீறிக்கொண்டே போகும். அதைப் போட்டுக் கேட்டால் மெழுகு கெட்டுவிடும். அதனால் எப்படி வந்திருக்கிறது என்று கேட்காமலேதான் முடிவு செய்ய வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் தும்மக்கூடக் கூடாது.

விளக்கு எரிந்தது. என் அரை நிமிஷம் வந்தது. என் வாழ்க்கையில் அப்படி நான் வாசித்ததில்லை. விரல்கள் தானாக ஓடின. பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் கண்ணாடிக் கதவு திறந்தது.

"யாருக்கு வயித்து வலி?" என்றார் பதிவாளர்.

நான் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது நம்ம ஆம்ப்ரோஸ்தான்" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் ஹோபி. "வாசிக்கும்போது முக்கி முனகுவான்."

"நானா? நான் எப்படா முனகினேன்?"

"ஆறு வருஷமா முனகறே" என்றார் ஸ்ப்ரூயில். "நடன மண்டபத்துல சத்தத்தோட சத்தமாப் போயிடும். இங்க மைக்கு முன்னாடி மாடு கன்னு போடற மாதிரி கேக்குது."

"ஏன் யாருமே சொல்லல?"

"தெரிஞ்சேதான் செய்யறேன்னு நெனச்சோம்."

ஆறு வருஷம்! எத்தனை மண்டபம், எத்தனை பெண்கள் பியானோ பக்கம் வந்து சாய்ந்து நின்று புன்னகை செய்திருக்கிறார்கள். அந்தப் புன்னகைக்கெல்லாம் நான் வைத்திருந்த அர்த்தம் ஒரு நிமிஷத்தில் பாழாய்ப் போனது.

இரண்டாவது மெழுகு வைத்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். முனகல் மூக்கு வழியாக வந்ததாம். மூன்றாவது மெழுகுதான் கடைசி என்றார் பதிவாளர். ஹோபி தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்து உரித்தான். "வாயைத் திற" என்றான்.

"டேய்..."

"திறடா. கடிச்சே, கொன்னுடுவேன். என் மத்தியானச் சாப்பாடு அது."

முழு முட்டையை வாயில் வைத்துக்கொண்டு பியானோ வாசித்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், பேசி ஆறுதல் அடையலாம். சத்தம் வரவில்லை. வேறு ஒன்றும் வரவில்லை. முட்டை வழுக்கித் தொண்டைக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் விரல்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. விளக்கு அணைந்ததும் பதிவாளர், "நல்லா சுத்தமா இருக்கு" என்று கட்டைவிரலைக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது. அழவும் முட்டை விடவில்லை.

அந்த மூன்றாவது மெழுகு தொழிற்சாலைக்குப் போகும் வழியில் விரிசல் விட்டுவிட்டது. இரண்டாவதில் கிளாரினெட் பிசகியிருந்தது. கம்பெனிக்காரர்கள் முதலாவதை அச்சடித்து அனுப்பிவிட்டார்கள்.

பெட்டிஃபோர்டு கடையில் அது ஓடியபோது நான் வாசலிலேயே நின்றேன். என் பகுதி வந்ததும் பெரியவர் கத்தியைக் கீழே வைத்தார். "இது என்ன, யாரோ பியானோவைத் தோள்ல வெச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போறான்!" இன்னொரு முறை போட்டார்கள். பிறகு இன்னொரு முறை. ஒரே வாரத்தில் ஏழாம் அவென்யூ தெரு முழுக்க அந்த முனகல்தான். மண்டபத்தில் என்னைப் பார்த்ததும், "முனகு ஆம்ப்ரோஸ், முனகு!" என்று கத்தினார்கள். பன்னிரண்டாவது தட்டில் எனக்குப் புகழ் வந்துவிட்டது.

இடெல்லாவும் கேட்டாள். மீன் கடைப் பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, இது நீதான்!"

நான் அவள் பக்கம் குனிந்தேன். "எப்படித் தெரிஞ்சுது?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா? தூக்கத்துலயும் இப்படித்தானே முனகறே!"

"சரி, பியானோ எப்படி இருந்துது?"

"பியானோவா?" அவள் யோசித்தாள். "அதுல பியானோ இருந்துதா?"

அன்றைக்கு மீன் இறங்கவில்லை.

இலையுதிர் காலத்தில் கம்பெனி மறுபடி கூப்பிட்டது. பியானோவுக்கு முக்கால் நிமிஷம், ஆனால் முனகல் கட்டாயம் வேண்டும் என்றார்கள். இங்கேதான் என் ஜாதகம் வேலை செய்தது. ஊரே எடுத்துச் சொன்ன நாளிலிருந்து எனக்கு முனகலே வரவில்லை. வேண்டுமென்று முனகினால் விரல் நின்றுவிடும், விரல் ஓடினால் வாய் மூடிக்கொள்ளும். பதிவுக்கூடத்தில் இரண்டு மெழுகு வீணாயிற்று.

"வேணும்னா திரும்ப ஒரு முட்டை வெச்சுப் பாக்கலாமா?" என்றான் ஹோபி.

"வாயை மூடு" என்றார் ஸ்ப்ரூயில். பிறகு அவனையே உற்றுப் பார்த்தார். "இல்ல, வாயைத் திற. அவன் பகுதி வரும்போது டிரம்ஸ் வேண்டாம். நீ எழுந்து போய் மைக் பக்கத்துல நின்னு அவனுக்குப் பதிலா முனகு."

அப்படியே நடந்தது. நான் வாசித்தேன். என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து ஹோபி உயிரைக் கொடுத்து முனகினான். என்னைவிட நன்றாகவே முனகினான். அவனை நினைத்துச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்ததால், என் விரல்களைப் பற்றி நினைக்க எனக்கு நேரமே இல்லை.

தட்டு வந்ததும் யாரிடமும் காட்டாமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சனிக்கிழமை மதியம். இடெல்லா சர்ச் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மாவின் கிராமஃபோனை இரவல் வாங்கி மேலே கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் போட்டேன். கிளாரினெட் வந்தது, ட்ரம்பெட் வந்தது. அவள் காலரை மடித்துக்கொண்டே இருந்தாள். பியானோவும் முனகலும் சேர்ந்து வந்தபோது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முடியும்வரை அசையவில்லை.

"யாரு அது முனகறது?" என்றாள்.

நான் சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ இல்ல. வேற யாரோ உன்னை மாதிரி நடிக்கறான்." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆனா வாசிக்கறது நீதான்."

இவ்வளவு காலம் ஏங்கியது வந்தபோது உட்கார நாற்காலிகூடத் தேடத் தெரியவில்லை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படி இடெல்லா? எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பதினேழு வருஷமா தலை சீவும்போது கேக்கறேன், தெரியாதா? போன தட்டுல அந்தக் கூச்சல்ல ஒண்ணும் காதுல விழல. இதுல பாரு, மேல மேல ஏறிப் போறே, அப்புறம் இறங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நீ என்ன பண்றேன்னா..."

நான் பாய்ந்து எழுந்து அவள் வாயைப் பொத்தினேன். "சொல்லாதே! தயவு செஞ்சு சொல்லாதே. தெரிஞ்சா அதுவும் போயிடும்."

அவள் என் கையை விலக்கிவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தாள். "சரி. சொல்லல" என்றாள். பிறகு தானே போய் ஊசியைத் தூக்கி என் பகுதி தொடங்கும் இடத்தில் வைத்தாள். அந்த இடம் வரும்போது அவள் முகத்தில் தெரிந்துவிடப் போகிறதே என்று நான் அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பின்னால் அவள் சிரிப்பது மட்டும் கேட்டது.