மைதானத்தில் இல்லாத பெட்டி

சனிக்கிழமையில் கையில் துடைக்கிற துணி இல்லாமல் ஆர்லீஸ் வாண்டர்வீனைப் பார்த்தவர்கள் அந்த ஊரில் கிடையாது. ஞாயிறு கர்த்தருடைய நாள். அன்று புல் வெட்டினால்கூட அக்கம்பக்கம் முகம் சுளிக்கும். ஆகையால் சனிக்கிழமையே ஊர் முழுக்கத் தேய்க்கும், கழுவும். ஜன்னலின் வெளிப்பக்கத்தையும் துடைத்தால்தான் அங்கே மனிதரில் சேர்த்தி.

அயோவாவில் உள்ள அந்தச் சிறு கல்லூரியில், விளையாட்டில் அடிபட்டவர்களைப் பார்க்கச் சொல்லித்தரும் படிப்பை ஆர்லீஸ்தான் நடத்தி வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனாரின் பால்பண்ணை தம்பிக்குப் போயிற்று. கல்லூரி இவளுக்கு வாய்த்தது. குறைப்பட்டுக்கொண்டதில்லை. கொடுத்தவர் அளந்துதான் கொடுத்திருப்பார் என்பாள்.

அந்த வருடம் படிப்பின் அங்கீகாரமே ஊசலாடிக்கொண்டிருந்தது. போன தடவை ஆய்வுக்கு வந்தவர்கள், மைதானத்தில் உயிருக்கு ஆபத்து வந்தால் சமாளிக்கும் ஏற்பாடு போதாது என்று எழுதிவிட்டார்கள். இந்தத் தடவையும் அதையே எழுதினால் அங்கீகாரம் போய்விடும். போனால், கடைசி வருடம் படிக்கும் டெஸ்ஸாவும் கூட இருக்கும் இரண்டு பேரும் உரிமத் தேர்வு எழுத முடியாது. படித்தது அத்தனையும் வீண்.

அதனால் ஆய்வுக்கு முந்திய சனிக்கிழமை ஆர்லீஸ் ஒரு பிடி கூடுதலாகவே தேய்த்தாள். சிகிச்சை அறையின் ஐஸ் தொட்டியை உள்ளே இறங்கித் தேய்த்தாள். கட்டுப்போடும் டேப்புகளைக் கோபுரமாக அடுக்கினாள். மைதானத்துக் கம்பத்தில் மாட்டியிருந்த, நின்றுபோன இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்து எழுப்பும் பெட்டியையும் அந்த மூன்று பிள்ளைகளிடம் எடுத்துவரச் சொன்னாள். துடைத்து, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் சீர்வரிசை போல வைத்தாள். திங்களன்று ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் இந்த அறைக்குத்தானே வருவார்கள்? கண் குளிரட்டும்.

மறுநாள் காலையும் மாலையும் ஆராதனை. ஞாயிறில் யாரும் விளையாடுவதில்லை. மைதானத்தின் நினைவு யாருக்கும் வரவில்லை.

திங்கள் காலை வந்தவர்கள் இரண்டு பேர். கென்டக்கியிலிருந்து ரோண்டா பிக்கெட், ஒரெகானிலிருந்து பெர்ட் சோமர்ஸ். இருவரும் வேறு கல்லூரிகளில் இதே வேலை பார்க்கிறவர்கள்தான்.

"அறை அங்கேயேதான் இருக்கும். முதல்ல மைதானத்தைப் பாத்துடலாமா?" என்றாள் ரோண்டா.

ஆர்லீஸுக்கு அப்போதுதான் மேஜைமேல் இருக்கும் பெட்டி நினைவுக்கு வந்தது.

கம்பத்தில் வெறும் கொக்கி தொங்கியது. "பெட்டி எங்க?" என்று கேட்டாள் ரோண்டா.

கால்பந்துக் கோச் டெரில் ஹைடமா பின்னாலிருந்து ஆர்லீஸின் காதோடு சொன்னார்: "பேட்டரி மாத்த அனுப்பியிருக்குன்னு சொல்லிடு."

"கோச், நேத்து கோயில்ல என் பக்கத்துல நின்னு தொண்டை கிழியப் பாடுனது நீதானே?"

"பாடுனேன். பாட்டுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?"

ஆர்லீஸ் ரோண்டாவிடம் திரும்பினாள். "எப்பவும் இங்கதான் இருக்கும். உங்களுக்குப் பளிச்சுன்னு காட்டணும்னு நான்தான் எடுத்துவரச் சொல்லி, தொடச்சு உள்ள மேஜையில வெச்சேன். திரும்ப மாட்டல. தப்பு என்னோடதுதான்."

பெர்ட் சிரிப்பை அடக்கினார். "தொடச்சீங்களா?"

"அதுல முகம் பாக்கலாம்."

ரோண்டா சிரிக்கவில்லை. "இப்ப இங்க ஒரு பையன் மூச்சில்லாம விழுந்துட்டான். என்ன செய்வீங்க?"

"ஓடுவேன்."

"ஓடுங்க."

ஐம்பத்தைந்து வயதில், புதுச் செருப்போடு ஓடினாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது ரோண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

மத்தியானம் ஆய்வாளர்கள் இருவரும் மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆசிரியர்களுக்கு உள்ளே இடமில்லை. ஆர்லீஸ் வெளியே உட்கார்ந்து, தனக்காக அல்ல, அந்த மூன்று பேருக்காக ஜெபித்தாள். கோச் காபி கொண்டுவந்து நீட்டினார்.

"பேட்டரின்னு சொல்லியிருந்தா இந்தக் காபி தொண்டைல இறங்கியிருக்கும்."

"காபிய வெச்சுட்டு நீ போய்ப் பந்தை எண்ணு."

மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்து, எழுதப்போவதை ரோண்டா வாசித்தாள். நல்லவை பல வந்தன. பிறகு நிமிர்ந்தாள்.

"பெட்டி மைதானத்துல இல்லாதது குறைதான். எழுதாம விட முடியாது."

ஆர்லீஸ் தலையாட்டினாள்.

"ஆனா மூணு பேரையும் தனித்தனியா கேட்டோம். 'அது கம்பத்துல இல்லாத நாளே இல்ல, சனிக்கிழமை தொடைக்க நாங்கதான் தூக்கிட்டு வந்தோம்'னு மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. நீங்க எங்ககிட்ட வேற ஏதாவது கதை சொல்லியிருந்தா, உங்க ஏற்பாட்டுல ஒண்ணையும் நாங்க நம்பியிருக்க மாட்டோம். இப்ப, ஏற்பாடு சரியா இருக்கு, அன்னிக்கு ஒரு பிசகு நடந்துதுன்னு எழுதுறோம். முடிவு மேல இருக்கிற குழுவோடது."

கோச் திடீரென்று தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

பனி உருகும் நேரத்தில் குழுவின் முடிவு வந்தது. அங்கீகாரம் நிலைத்தது. ஆர்லீஸ் நேரே அறைக்குப் போனாள். டெஸ்ஸா ஒரு ஓட்டக்காரனின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"எழுதலாமா?"

"எழுதலாம்."

டெஸ்ஸா டேப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என் காலு?" என்றான் ஓட்டக்காரன்.

"போ, அவனுக்குக் கட்டுப் போட்டு முடி," என்றாள் ஆர்லீஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்புறம் போய்ப் படி. எழுதலாம்னுதான் சொல்லியிருக்காங்க, பாஸுன்னு யாரும் சொல்லல."