கழிவறை வாசலில் ஒரு ஸ்தோத்திரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவில், லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் சபையில் அது எல்லோருக்கும் தெரியும். என் கணவர் நேர்மாறு. வாழ்நாளெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். ஹாரன் அடித்த அளவுக்குக்கூடப் பேசியதில்லை.

சில ஆண்டுகள் நான் மெல்பர்னில், யூதர்களின் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தேன். அங்கே கழிவறைக்கு வெளியே, கை கழுவும் தொட்டிக்கு மேல், எபிரேய எழுத்தில் ஓர் அட்டை தொங்கும். உள்ளே போய்விட்டு வருகிறவர்கள் கை கழுவி, அட்டையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் நகர்வார்கள். கூட வேலை பார்த்த யூதப் பெண்ணிடம் கேட்டேன். ஜெபம் என்றாள். மனிதனைத் துவாரங்களோடும் குழாய்களோடும் படைத்தவருக்கு நன்றி, அதில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் உம் முன்னால் நிற்க முடியாது என்று சொல்கிறார்களாம். ஒவ்வொரு முறையும்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் மகனுக்கு வேலை, புதுக் கார், மருமகளுக்கு விசா என்றுதான் நன்றி சொல்வார்கள். ஆண்டவரைக் கக்கூஸ் வரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு என் கணவருக்கே சிறுநீர் அடைத்துக்கொண்டது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு, பையைத் தொடையில் கட்டி அனுப்பினார்கள். இதயம் பலவீனம் என்பதால் ஆபரேஷனுக்கு டாக்டர் தயங்கினார். மாத்திரை சாப்பிடட்டும், பிறகு குழாயை எடுத்துப் பார்ப்போம். தானாகப் போனால் நல்லது, போகாவிட்டால் கடைசிவரை குழாய்தான் என்றார்.

அந்தக் 'கடைசிவரை' அவரை முடக்கிப் போட்டுவிட்டது. சபைக்குப் போகவில்லை, டீக்கடைக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றார். சபையார் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்னின்று ஜெபித்தவர் மூப்பர். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், டை கட்டாமல் வெளியே வரமாட்டார். கண்ணீரோடு இடுப்புக்காக மன்றாடினார். ஜெபம் முடிந்து எங்கள் கழிவறைக்குப் போனவர், தேநீர் ஆறிப்போகும்வரை வெளியே வரவில்லை.

அவர்கள் போனதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "கர்த்தரு இப்ப இடுப்பைத் தேடிக்கிட்டு இருப்பாரு. அட்ரஸைத் தப்பா குடுத்துட்டீங்க!"

"வெளிய சொன்னே, நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன், பாத்துக்க."

அப்போதுதான் மெல்பர்ன் அட்டையைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வெக்கமா இருக்காதா அவங்களுக்கு?"

"படைச்சவருகிட்ட என்ன லா வெக்கம்?"

மறுபடி ஒருமுறை அவர் அந்த ஜெபத்தை முழுசாகச் சொல்லச் சொன்னார்.

குழாயை எடுத்த அன்று, ஆஸ்பத்திரியில் தண்ணீர் குடிக்கவைத்து, போய்ப் பாருங்கள் என்றார்கள். நான் கழிவறை வாசலிலேயே நின்றேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெலிதாக ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் வந்தது, நிற்காமல் வந்தது. போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதேன். அவர் வெளியே வந்து கை கழுவினார். தொட்டிக்கு மேல் சோப்புப் போடச் சொல்லும் மலாய் அறிவிப்புதான் இருந்தது. அதைப் பார்த்தபடி அவர் உதடு அசைந்தது.

அடுத்த ஞாயிறு சபைக்கு வந்தார். சாட்சி நேரத்தில் ஒருவர் சிரம்பானில் வாங்கிய வீட்டுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார். இவர் எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"என் இடுப்புக்கு ஒண்ணுமில்ல. பொய் சொல்லிட்டேன். ஒண்ணுக்குப் போவ முடியாம குழாயோட இருந்தேன். இப்ப தானா போவுது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. இளசுகள் குனிந்துகொண்டார்கள். எனக்கு முகம் பற்றி எரிந்தது. இத்தனை நீள வாய் இருந்தும் அவருக்குத் துணையாக ஒரு சொல் வரவில்லை.

அப்போது முன்வரிசையில், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூப்பர் மெல்ல எழுந்தார். டையைச் சரிசெய்துகொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எந்த டொக்டரிட்டக் காட்டினனீங்கள்?"