செங்கோட்டை மலையில் டைமிங் வைத்த கதை

மக்கா, நம் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு மலையேற்றம் உண்டு. எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்பா சங்கரன்கோவிலில் ஒரு பழைய கறுப்புக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கடையநல்லூரில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை மலைப்பாதை வழியாகப் புனலூர் போகவேண்டும். காரோ நாலு ஆள் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்கியது. அதை வாடகைக் கார் ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர் சொல்லிவிட, மாப்பிள்ளையின் வாப்பா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "மலையில நின்னுட்டா மாப்பிள்ளைய நாங்க சுமந்துட்டுப் போகவா வே?" என்று கேட்டார். அந்தச் சவாரி கைவிட்டுப் போனால் அப்புறம் கல்யாணத்துக்கென்று யாரும் அப்பாவைக் கூப்பிடமாட்டார்கள்.

கோளாறு டைமிங்கில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் என்று மூடி போட்ட உருளை ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் பெட்ரோலில் பொறி விழும் நேரம் முந்தும், பிந்தும். பிந்தினால் இழுவை இருக்காது. ரொம்ப முந்தினால் மேடேறும்போது இன்ஜின் சன்னமாகக் கிணுகிணுவென்று தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். தட்டு நிற்கிற இடத்தைப் பிடிக்க பாரமும் வேண்டும், மேடும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாரமாக நாங்களே போனோம். அப்பா வீட்டிலேயே டைமிங்கை வேண்டுமென்றே முந்த வைத்திருந்தார். பின்சீட்டில் நான், தங்கை, இரண்டு மூட்டை பருத்திக்கொட்டை. முன்சீட்டில் அம்மா, அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மேடு தொடங்கியதும் அப்பாவின் தோளில் விரலால் தட்டினாள். அப்பா ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, உருளையைத் துளி பின்னால் திருப்பி, அதன் திருகாணியை முறுக்கினார். கொஞ்ச தூரத்தில் மறுபடி தட்டினாள்.

"ஏட்டி, அம்மாவுக்கு மலையப் பாத்து பயம்" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன்.

"சத்தம் காட்டாம வாலே" என்றாள் அம்மா.

ஐந்தாவது முறை அம்மாவின் கை மடியிலேயே இருந்தது. கார் வழுக்கிக்கொண்டு ஏறியது. முன்னால் முக்கிக்கொண்டிருந்த காய்கறி லாரியை அப்பா ஹாரன் அடித்து முந்தினார். நானும் தங்கையும் கூச்சல் போட்டோம்.

கல்யாணத்தன்று ஆறு பேரோடு போன கார் எங்கேயும் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க அப்பாவுக்குக் கை கொடுத்தார். குறை சொன்ன டிரைவரே, "டைமிங்னா அண்ணாச்சி காதுல்லா வே காது" என்றார். அப்பா சிரித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் நான் அந்தக் காதைப் பற்றியே பேசினேன்.

அப்பா கார் ஓட்டுவதை விட்ட பிறகுதான் அம்மா சொன்னாள். கார் ஓட்ட வருவதற்கு முன்பு விசைத்தறிக் கூடத்தில் பத்து வருஷம் நின்றதில், சன்னமான சத்தம் எதுவும் அப்பாவுக்குக் கேட்காமல் போயிருந்தது. பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும். அந்தக் கிணுகிணு மட்டும் கேட்காது. வெளியே தெரிந்தால் வண்டியில் யார் ஏறுவார்கள்? அதனால் தோளில் தட்டியது அந்தக் கிணுகிணுவைக் கேட்டுத்தான் என்று, நான் சிரித்தபோதும் அவள் சொல்லவில்லை.

அம்மா சொன்ன அன்று சாயங்காலம் நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. என் காரைக் கிளப்பி ஓடவிட்டேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றேன்.