தங்கம் அக்கா கடையின் கைநீட்டம்

1. முதல் நாள்

ரொட்டிக் கம்பெனியின் லைன் வண்டியில், கடை கடையாக ரொட்டி போடுகிற வேலை எனக்கு. டிரைவரும் நான், சேல்ஸ்மேனும் நான், வண்டி நின்றுபோனால் இறங்கித் தள்ளுகிறவனும் நான். நெய்யாற்றின்கரையில் லோடு ஏற்றி, குளத்தூர் வழியாகச் சுற்றி, பாறசாலைக் கடைகளை முடித்து, கொல்லயிலில் லைன் முடியும். கொல்லயில் என் ஊர். கடைசி ரொட்டிக் கிரேட் காலியானதும் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு வண்டியைக் கொண்டுபோய் விடலாம் என்றுதான் அந்த லைனைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

முதல் நாள் முதல் கடை தங்கம் அக்காவுடையது. குளத்தூரில் ஒரு முக்கில், தகரக் கூரைக்குக் கீழே பலகைக் கதவு போட்ட கடை. முன்னால் பழக்குலைகள் தொங்கும். தரையில் மரச்சீனிக் கிழங்கு, சேனை, வெள்ளரிக்காய். உள்ளே அரிசி, பயறு, தேங்காய் எண்ணெய். புருஷன் காலமான பிறகு அக்கா தனியாக நடத்திவந்தாள். நான் ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு பில்லை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அங்கெ நில்லு. இன்னும் கைநீட்டம் ஆகல்ல. கைநீட்டம் ஆகாம பெட்டியிலேருந்து ஒரு பைசா வெளிய போவாது.”

அன்றைக்கு முதலாவதாக ஆகும் விற்பனைக்குத்தான் எங்கள் பக்கம் கைநீட்டம் என்று பெயர். மற்ற ஊர்களில் போணி என்பார்கள். அந்த முதல் காசைக் கொடுக்கிற கை நல்ல கையாக இருந்தால் நாள் முழுக்கக் கச்சவடம், அதாவது வியாபாரம், நன்றாக நடக்கும் என்பது நம்பிக்கை.

“அக்கா, எனக்கு இன்னும் ஒருபாடு கடை உண்டு” என்றேன்.

“எனக்கு இந்த ஒரு கடைதான் உண்டு. நில்லு.”

நின்றேன். யாரும் வரவில்லை. பொறுமை போய், நானே ஒரு பாளையங்கோடன் பழத்தைப் பிய்த்துக் காசை நீட்டினேன். அக்கா அதைக் கண்ணில் ஒற்றி, தராசைத் தொட்டு, பெட்டியில் போட்டாள். அப்புறம்தான் என் பில்லுக்கு மோட்சம் கிடைத்தது.

மறுநாள் நான் வண்டியை நிறுத்தும் முன்பே அக்கா வெளியே வந்துவிட்டாள். “நேத்து உச்சைக்கு முன்னே குலை முழுசும் தீந்துபோச்சு. உனக்கு நல்ல கையாக்கும் மக்கா. இனி நீயே துடங்கு.”

“உங்க கடையில துடங்குனா எனக்கும் ரிட்டன் வராது அக்கா” என்று நானும் ஒரு போடு போட்டேன். அவளைச் சந்தோஷப்படுத்தச் சொன்னதுதான். சொல்லிச் சொல்லிப் பிறகு நானே அதை நம்பிவிட்டேன். அன்று முதல் என் லைன் அவள் கடையிலும், அவள் கச்சவடம் என் கையிலும் தொடங்கின.

2. ரிட்டன்

ரிட்டன் என்றால் விற்காமல் டேட் போன பாக்கெட். அதைத் திரும்ப எடுப்பது சேல்ஸ்மேனின் தலைவிதி. ரிட்டன் கூடினால் சூப்பர்வைசரின் முகம் கூம்பிவிடும்.

அக்கா கடையில் ரிட்டனே கிடையாது. எங்கள் பக்கம் ரொட்டி என்றால் முக்கால்வாசி காய்ச்சல்காரரின் சாப்பாடு. எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தெரியும் முன்பே அக்காவுக்குத் தெரியும். வெங்காயம் வாங்க வந்தவளிடம், “உனக்க கொச்சு நேத்து ராத்திரி இருமிக்கிட்டு கிடந்துதே, ரொட்டி எடுத்துக்கிட்டு போ. கொஞ்சம் சுக்கும் தாறேன்” என்பாள். சேனையைக் கேட்டால் “அவியலுக்கா, எரிசேரிக்கா?” என்று விசாரித்துவிட்டுத்தான் கத்தியை வைப்பாள். கறிக்கு அரை மூடி தேங்காய் போதும் என்றால் அரை மூடி கிடைக்கும்.

லைனில் எத்தனையோ கடைகள் பார்த்தேன். வாங்குகிறவரின் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்து விற்ற கடை அது ஒன்றுதான்.

3. பெரிய கடை

பாறசாலை மெயின் ரோட்டில் ஏசி போட்ட ஒரு சூப்பர் மார்க்கெட் வந்தது. பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் ஒன்று வந்திருக்கிறது, உங்களுக்கே தெரியும். மறுவாரமே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

“மணியா, நாளை முதல் ஆத்யம் பெரிய கடை. அவங்க ஷட்டர் தூக்கும் முன்னே ஷெல்ஃபு நிறையணும். சின்னக் கடையெல்லாம் பின்னே.”

“சார், குளத்தூர்ல ஒரு அக்கா உண்டு. நான் போயி கைநீட்டினாத்தான்...”

“எடோ, கம்பெனி உன்னை ரொட்டி விக்க வச்சிருக்கா, கைநீட்டம் கொடுக்க வச்சிருக்கா?”

லைன் தலைகீழாயிற்று. அக்காவிடம் சொன்னபோது அவள் வெள்ளரிக்காயை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“உனக்க சோலி போவாண்டாம் மக்கா. அவிய சொல்லுகது போல செய்யி.”

“அப்பம் கைநீட்டம்?”

“யாராவது வருவாவ” என்று சொல்லி ரோட்டைப் பார்த்தாள்.

யாரும் வராமல் இல்லை. ஆனால் வந்தவர்கள் பெரிய கடையில் எடுக்க மறந்ததை வாங்கத்தான் வந்தார்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய், ஒரு தீப்பெட்டி. அரிசியும் எண்ணெயும் பயறும் அவர்கள் வீட்டுக்கு வேறு பையில் வந்துகொண்டிருந்தன. எங்கள் வீடும் அதில் சேர்த்தி. ஆஃபர் நாளில் என் மனைவி லதா பாறசாலைக்கு பஸ் ஏறி, இரண்டு கையிலும் பை தொங்க வருவாள். எங்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அங்கே விலை குறைவு.

“மறந்துபோனதுக்கு உள்ள கடையாக்கும் இப்பம் நம்ம கடை” என்று அக்கா ஒருமுறை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் பெரிய கடையில் இறக்கிவிட்டு, உச்சி வெயிலில் அவள் கடைக்குப் போனேன். அக்கா ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. கைநீட்டம் ஆன பிறகே அவள் தேயிலைத் தண்ணி குடிப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

“ஆச்சா அக்கா?”

“இல்ல மக்கா. இன்னைக்கும் நீயாக்கும்.”

பழத்துக்குக் காசை நீட்டிவிட்டு வண்டியில் ஏறினேன்.

4. வாழைப்பழ வீடு

மறுநாளிலிருந்து டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே என் ஸ்கூட்டரில் குளத்தூர் போகத் தொடங்கினேன். கொல்லயிலிலிருந்து கம்பெனிக்கு நேர்வழி உண்டு. நான் போனது ஊர் சுற்றுகிற வழி. அக்கா பலகைகளை எடுத்து அடுக்கியிருப்பாள். நான் ஒரு சீப்புப் பழம் வாங்குவேன். அவள் காசைக் கண்ணில் ஒற்றுவாள். பிறகு கம்பெனிக்குப் போய் லோடு ஏற்றுவேன். மழை நாளிலும் அப்படித்தான்.

லதாவுக்குப் பொறுக்கவில்லை. “நிங்க ரொட்டி விக்கப் போறியளா, வாழைத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கியளா? பக்கத்து வீட்டு ஆடுகூட இப்பம் பழத்தொலியைக் கண்டா மொகத்தைத் திருப்புது.”

“அக்காவுக்கு என் கை வேணும்டி.”

“அப்பம் கையை அங்கெயே விட்டுட்டு வாருங்க.”

கேலி செய்தாளே தவிர, போக வேண்டாம் என்று ஒருநாளும் தடுத்ததில்லை.

கடை கண்ணெதிரே சுருங்கியது. முதலில் தக்காளி நின்றது. பிறகு சேனை நின்றது. அரிசிச் சாக்கு இருந்த இடத்தில் காலிச் சாக்கு மடித்துக் கிடந்தது. கடைசியில் ஒரு குலை பழமும் கொஞ்சம் மரச்சீனியும் மிஞ்சின. அக்காவுக்கு முட்டுவலியும் வந்திருந்தது. ஒவ்வொரு பலகையையும் எடுத்து வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திருவனந்தபுரத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“வாறேன் வாறேன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்பாள் அக்கா.

என் கை இருக்கும்வரை கடையும் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

5. காய்ச்சல்

எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் விற்ற ரொட்டியை நானே பாலில் நனைத்துத் தின்றுகொண்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். காய்ச்சலைவிட அக்காவின் கைநீட்டக் கவலைதான் அதிகம். எழுந்ததும் போன் செய்து, “நாளைக்கு வாறேன் அக்கா” என்றேன். “வா மக்கா” என்றாள்.

போனேன். கடை திறந்திருந்தது. அக்கா பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தையல்கடைக்காரர் என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

“சொகமாச்சா? நீ வராத்த நாளு ஒண்ணும் அக்கா கடை திறக்கல்ல, கேட்டியா?”

எனக்குப் புரியவில்லை. அக்கா வந்ததும் நேராகக் கேட்டேன். குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கச்சவடம் எப்பமோ போயாச்சு மக்கா. பூட்டிக்கிட்டு மவளுக்க கூட போவாம்னு நினைச்சேன். ஆனா நீ இவ்வளவு தூரம் சுத்தி வாறே. வந்து பாக்கும்போ கடை பூட்டிக் கிடந்தா உனக்கு அன்னைக்குள்ள லைனு என்னாவும்? நீதானே சொன்னே, இஞ்ச துடங்குனா ரிட்டன் இல்லேன்னு. அதுக்காக ஒரு குலை வாங்கி வச்சு, நீ வாற நேரத்துக்குத் திறப்பேன். நீ போனா கொஞ்ச நேரத்தில பூட்டுவேன்.”

“நான் உங்களுக்காக்கும் வந்தேன் அக்கா. என் கை இல்லேன்னா உங்க கடை ஓடாதுன்னு...”

அக்கா என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்தாள்.

“கொள்ளாம் மக்கா. நல்ல ஆளுவதான் ரெண்டு பேரும்.”

அந்த முட்டுவலியை வைத்துக்கொண்டு, விற்காத கடையின் பலகைகளைத் தினமும் எனக்காகத் தூக்கியிருக்கிறாள். நான் செய்வது உபகாரம் என்று நினைத்து அவளை வலியோடு அங்கேயே கட்டிப் போட்டிருக்கிறேன்.

அக்கா ஒரு நல்ல சீப்பாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். வழக்கம் போலக் காசை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம். கைநீட்டம் வாங்கினா நாளைக்கும் திறக்கணும்.”

இரண்டு பேருமாகப் பலகைகளை எடுத்து மாட்டினோம். கடைசிப் பலகையை அவள் என்னைத் தொடவிடவில்லை.

அன்று கைநீட்டம் கொடுக்காமல் லைனுக்குப் போனேன். எல்லாக் கடையிலும் ரொட்டி விற்றது. ஒரு பாக்கெட்கூட ரிட்டன் இல்லை. இத்தனை காலம் நாங்கள் ஒருவருக்கொருவர் காத்து வைத்த ராசி இல்லாமலே அந்த நாள் நடந்துவிட்டது. காலி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

6. லைனில் இருக்கிற பிள்ளைகளுக்கு

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். லைனுக்கு வரும் இளவட்டங்கள் சில நேரம் என்னிடம் யோசனை கேட்பார்கள். வண்டியைப் பற்றியும் டார்கெட்டைப் பற்றியும் சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: சின்னக் கடைக்காரரை நமக்குப் பிடித்திருந்தால், பாவம் பார்த்து ஒரு சீப்புப் பழம் வாங்கிப் பிரயோஜனமில்லை. வீட்டு அரிசியை அங்கே வாங்க வேண்டும். எண்ணெயை, பயறை, கறிக்கு உள்ளதை அங்கே வாங்க வேண்டும். எல்லாவற்றையும் முடியாவிட்டால் பாதியையாவது. கடைக்கு வேண்டியது ஒரு நல்ல கை அல்ல, பல சாதாரணக் கைகள். தங்கம் அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. என் வீட்டிலிருந்தும் போகவில்லை.

அக்கா இப்போது மகளுடன் இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனேன். அடுக்களை மேசையில் பிளாஸ்டிக் கவரில் அடைத்த வெண்டைக்காய் கிடந்தது. பேசிக்கொண்டே அவள் கவருக்கு மேலாக விரலை வைத்து முனையை ஒடித்துப் பார்க்க முயன்றாள். கவர் கிறீச்சிட்டது, காய் ஒடியவில்லை. விட்டுவிட்டாள்.

நான் கொண்டுபோன மரச்சீனியைக் கொடுத்தேன். எங்கள் ஊர் முக்கில் உள்ள ஒரு சின்னக் கடையில் வாங்கியது. இப்போது எங்கள் வீட்டுச் சாமானெல்லாம் அங்கேதான். அக்கா மரச்சீனியின் நுனியைக் கிள்ளிப் பார்த்துத் தலையாட்டினாள்.

“நல்ல சாமானாக்கும். ஆருக்க கடை?”

சொன்னேன்.

“இன்னைக்கு நீயா மக்கா கைநீட்டினது?”

“இல்ல அக்கா. நான் போவும்போ எனக்கு முன்னாலயே நாலஞ்சு பேரு நின்னாவ. எடுத்துத் தர நேரமில்லேன்னு கடைக்காரரு என்மேல சாடினாரு.”

அக்கா கண்ணை மூடி, அந்த மரச்சீனியை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

“அது போதும் மக்கா” என்றாள்.